இரட்டைத் துடுப்பும் பேடில் போர்டும்: முதல்முறை ஏரியில் இறங்குபவர்களுக்கு

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவரைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். வட்டமான பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஒரு பக்கமாகத் துடுப்பு போட்டால் தட்டாமாலை சுற்றும். அதனால் அவர் தனக்கு நேர் முன்னால் துடுப்பை இறக்கி, தண்ணீரைத் தன்னை நோக்கி இழுக்கிறார். பரிசல் சொன்ன பேச்சைக் கேட்கிறது. துடுப்பு நடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் விழுகிறதோ அவ்வளவு நேராகப் போவோம், விலக விலகச் சுற்றுவோம். பேடில் போர்டுக்கும் இதே கணக்குதான். கீழே நான் சொல்லப்போவதில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

பேடில் போர்டு என்றால் நின்றுகொண்டு துடுப்பு போடும் பலகை. ஹவாய்த் தீவுகளின் கடலில் இன்றைய வடிவம் பெற்று, ஏரிக்கும் ஆற்றுக்கும் வந்து சேர்ந்தது. புதியவர்கள் வாங்குவது பெரும்பாலும் காற்றடிக்கும் வகை: சுமார் பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன். காற்றை இறக்கிச் சுருட்டினால் ஒரு பெரிய முதுகுப்பைக்குள் போய்விடும். நான் கிருஷ்ணகிரி டவுன் பஸ்ஸிலேயே கொண்டுபோயிருக்கிறேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார், அவ்வளவுதான்.

வழக்கமாக இதற்கு ஒற்றைத் துடுப்பு. மேலே டி வடிவக் கைப்பிடி, கீழே தண்ணீரைத் தள்ளும் அகன்ற தட்டை, அதாவது பிளேடு. இரட்டைத் துடுப்பு என்பது கயாக் எனும், உட்கார்ந்து ஓட்டும் ஒடுங்கிய படகில் பயன்படுவது. தண்டின் இரண்டு முனையிலும் பிளேடு. இப்போது பல செட்டுகளில் ஒற்றைத் துடுப்போடு இன்னொரு பிளேடும் ஒரு குட்டி இருக்கையும் சேர்ந்தே வருகின்றன. கைப்பிடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டாவது பிளேடைச் செருகினால் இரட்டைத் துடுப்பு தயார். “நின்றும் ஓட்டலாம், உட்கார்ந்தும் ஓட்டலாம்” என்று சொல்லித்தான் எனக்கும் விற்றார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் இரட்டைத் துடுப்போடு நின்றே ஓட்டினேன். ஒரு மணி நேரம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை.

தப்பு இரட்டைத் துடுப்பில் இல்லை, நீளத்தில்.

நீளம்தான் முக்கால் பங்கு

கணக்கு போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. ஐந்தரை அடி ஆள் பலகைமேல் நிற்கிறார் என்று வையுங்கள். அவருடைய தொப்புள் உயரம் ஏறக்குறைய 100 செ.மீ. பலகை 15 செ.மீ. தடிமன், அதில் மூன்று நான்கு செ.மீ. நீருக்குள் அமிழும், மீதி 11, 12 செ.மீ. வெளியே நிற்கும். ஆக, தொப்புளிலிருந்து தண்ணீர்வரை 112 செ.மீ. உங்கள் செட்டில் வந்த இரட்டைத் துடுப்பு 230 செ.மீ. என்றால், நடுவிலிருந்து ஒரு முனைவரை 115. துடுப்பை வயிற்றுக்கு நேரே பிடித்துச் செங்குத்தாகவே நிறுத்தினாலும் 3 செ.மீ.தான் தண்ணீருக்குள் போகும். செங்குத்தாக யாரும் பிடிக்க முடியாது, சாய்க்கத்தான் வேண்டும். சாய்த்தால் அந்த 3 செ.மீ.யும் போச்சு. அப்புறம் என்ன, குனிய வேண்டியதுதான். ஒவ்வொரு வீச்சுக்கும் குனிந்து நிமிர்ந்தால் நாற்று நடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நின்று இரட்டைத் துடுப்பு போட வேண்டுமென்றால் சராசரி உயரமுள்ளவருக்கு 280 முதல் 300 செ.மீ. தேவை, அதாவது ஒன்பது அடிக்கு மேல். அதே ஆள் உட்கார்ந்தோ முட்டி போட்டோ ஓட்ட 230, 240 செ.மீ. போதும். ஒற்றைத் துடுப்புக்கு அளவு எளிது: உங்கள் உயரத்துக்கு மேல் ஒரு சாண்.

காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பத்தடி மூங்கில் கழி ஒன்று எடுங்கள். நான்கு அங்குல உயரப் படியிலோ திண்ணை ஓரத்திலோ ஏறி நின்று, கழியின் நடுவைப் பிடித்து, வலமும் இடமும் துடுப்பு போடுவதுபோல் வீசுங்கள். தரைதான் தண்ணீர். நிமிர்ந்து நின்றபடியே கழியின் முனை தரையை நன்றாகத் தொட்டு, இன்னும் ஒன்றரைச் சாண் மிச்சமிருந்தால் அதுதான் உங்கள் நீளம். அதிகம் என்று தோன்றினால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது கேட்பார், சிலம்பம் என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

இவ்வளவு நீளத்துக்கு ஒரு விலை உண்டு. அலுமினியத் தண்டு என்றால் கைக்குக் கனக்கும், அதுவும் முனைகளில் பிளேடு இருப்பதால் வீசும்போது இன்னும் கனம் தெரியும். ஃபைபர்கிளாஸ் பரவாயில்லை. கார்பன் இன்னும் இலேசு, விலைதான் இலேசில்லை. என் யோசனை இது: புதியவர் செட்டோடு வந்த குட்டை இரட்டைத் துடுப்பை உட்காரவும் முட்டி போடவும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். நிற்க வேண்டுமென்றால் ஒற்றைத் துடுப்புக்கு மாறட்டும். நின்றுகொண்டு இரட்டைத் துடுப்பு என்பது மூன்றாவது கட்டம். பிடித்திருந்தால் நீளமானதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

உட்கார்ந்து ஓட்டுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். போட்டிகளில் நின்று, ஒற்றைத் துடுப்போடுதான் ஓட்ட வேண்டும், சரி. நாம் போட்டிக்குப் போகவில்லையே.

எங்கே, எப்போது

ஒகேனக்கல் அருவிப் பக்கம் வேண்டவே வேண்டாம். அங்கே பாறை இடுக்குகளில் நீர் எப்படி ஓடுகிறது என்று பரம்பரையாகப் பரிசல் ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். கர்நாடக அணைகளில் திறந்துவிட்டு நீர்வரத்து கூடினால் அவர்களுக்கே தடை போட்டுவிடுவார்கள். முதலையும் உண்டு. கீழே ஒட்டனூர், நாகமரைப் பக்கம் மேட்டூர் அணையின் தேங்கிய நீர் கடல்போல விரிந்து கிடக்கும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் காற்று எழும்பினால் அலையும் எழும்பும். அங்கேயும் முதல் வருடம் போகாதீர்கள். ஓசூர்ப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், பெங்களூரின் கழிவு கலந்து வருவது. விழுந்து விழுந்து கற்றுக்கொள்ளும் விளையாட்டுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது.

வேண்டியது ஓட்டமில்லாத, இடுப்பளவு ஆழமுள்ள, கரை தெரிகிற ஏரி. அனுமதி கேட்டு இறங்குங்கள். அணையோ பெரிய ஏரியோ என்றால் நீர்வளத் துறை, சிறிய ஏரி என்றால் ஊராட்சி, மீன் குத்தகை எடுத்தவர் இருந்தால் அவரும். குத்தகைக்காரரிடம் பேசுவதில் இன்னொரு லாபம்: வலை எங்கே கட்டியிருக்கிறது, மூழ்கிய கட்டை எங்கே இருக்கிறது என்று அவர்தான் சொல்வார். படகு இல்லம் நடக்கும் ஏரி என்றால் முதலில் அங்கே கேளுங்கள்.

காலம் என்றால் மார்கழி, தை. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும், காற்றும் அவ்வளவாக இருக்காது. ஆடியில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், காற்றடைத்த பலகை எம்மாத்திரம்? எந்த மாதமானாலும் விடிந்ததும் இறங்கி ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் காற்று எழும்.

லைஃப் ஜாக்கெட் நீச்சல் தெரிந்தவருக்கும் கட்டாயம். லீஷ் எனப்படும் சுருள் கயிற்றைக் கணுக்காலில் மாட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் விழுந்தால் பலகை காற்றோடு ஓடிவிடாமல் அதுதான் பிடித்து நிறுத்தும். ஆனால் ஓடும் ஆற்றில் கணுக்கால் லீஷ் ஆபத்து. கல்லிலோ வேரிலோ சிக்கினால் கையால் எட்டிக் கழற்ற முடியாது. அங்கே இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வகை வேண்டும். ஆறு நமக்கு இப்போதைக்கு இல்லை என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

கரையில் செய்ய வேண்டியது

பலகையை விரிக்கும் முன் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நம் ஏரிக்கரைகளில் சீமைக் கருவேலம் இல்லாத இடம் கிடையாது. காய்ந்த முள் ஒன்று போதும், அன்றைய பொழுது முடிந்தது. நான் ஒரு பழைய தார்ப்பாய் கொண்டுபோகிறேன். பலகையில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கள், அழுத்தம் பெரும்பாலும் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. கடைசி மூன்று பி.எஸ்.ஐ.க்குத்தான் கை கெஞ்சும். அங்கே விட்டுவிட்டால் பலகை நடுவில் தொய்ந்து, நீங்கள் நிற்கும் இடத்தில் வாழையிலைபோல வளையும். காற்றடித்த பலகையை வெயிலில், சூடான பாறைமேல் போட்டு வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறும்.

மீன் துடுப்புபோல அடியில் பொருத்தும் ஃபின், பலகையின் வால் பக்கம், வளைவு பின்னோக்கிச் சாய்ந்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டியவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

துடுப்பைச் சேர்க்கும்போது ஒரு விஷயம். ஒற்றைத் துடுப்பின் பிளேடு தண்டோடு ஒரே நேர்க்கோட்டில் இராது, 10 டிகிரி போலச் சாய்ந்திருக்கும். சாய்வு முன்னோக்கி, பலகையின் மூக்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பார்க்கத் தலைகீழாகத் தோன்றும். கரண்டிபோல நம்மை நோக்கி வளைந்திருந்தால்தானே தண்ணீரை அள்ளும் என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். இரட்டைத் துடுப்பாக்கும்போது இரண்டு பிளேடும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று தரையில் கிடத்திப் பார்த்துவிட்டுப் பட்டனைப் பூட்டுங்கள். தண்டில் ரப்பர் வளையங்கள் இருந்தால் பிளேடுக்கு ஒரு சாண் உள்ளே நகர்த்துங்கள். ஒரு பிளேடு நீரிலிருந்து எழும்போது தண்ணீர் தண்டு வழியாக வழிந்து மடியில் கொட்டும், அதை இந்த வளையம் பாதி தடுக்கும். மீதி பாதி நனையத்தான் போகிறீர்கள்.

தண்ணீரில்

முழங்கால் ஆழத்துக்குப் பலகையைத் தள்ளிக்கொண்டு போங்கள். அதற்குமுன் ஏறினால் ஃபின் தரையில் தட்டி, பலகை நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். நடுக் கைப்பிடிக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்து காலை நீட்டுங்கள். செட்டில் இருக்கை இருந்தால் அதன் வார்களைப் பக்கத்திலுள்ள வளையங்களில் மாட்டி, முதுகு சாயும் அளவுக்கு இறுக்குங்கள்.

கை எங்கே பிடிப்பது? துடுப்பை உச்சந்தலைமேல் கிடையாக வையுங்கள். இரண்டு முழங்கையும் மூலைமட்டம்போல மடங்கும் இடத்தில் பிடியுங்கள். அதுதான் உங்கள் பிடி. இறுக்க வேண்டாம், சைக்கிள் ஹேண்டில்பார் பிடிக்கிற பிடி போதும்.

வலது பிளேடைக் கால் விரல் பக்கத்தில் இறக்குங்கள், முழுவதும் மூழ்கட்டும். இடுப்புக்கு நேரே வந்ததும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இழுத்தால் தண்ணீரை மேலே தூக்குவோமே தவிர முன்னால் போக மாட்டோம். உடனே இடது. இழுப்பது கையல்ல, இடுப்புக்கு மேலுள்ள உடம்பு திரும்புவதுதான். அம்மியில் அரைப்பவர் கையால் மட்டும் அரைப்பதில்லை, தோள் முழுவதும் போய் வரும். அந்த மாதிரி.

பத்து வீச்சில் ஒற்றைத் துடுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். ஒற்றையில் வலப்பக்கம் மூன்று நான்கு போட்டு, கை மாற்றி, இடப்பக்கம் மூன்று நான்கு போடவேண்டும். அதற்குள் மூக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிவிடும். இதில் வலம், இடம், வலம், இடம் என்று தாளம் தவறாமல் போவதால் பலகை தானாக நேர்ப்படும்.

பலகையைத் திருப்ப, ஒரு பக்கத்துப் பிளேடை மூக்குப் பக்கம் இறக்கி, பலகையிலிருந்து விலக்கி அரைவட்டமாக வால்வரை இழுங்கள். பலகையை நிறுத்த, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பின்னோக்கிப் போடுங்கள். சாயும்போலிருந்தால் சாயும் பக்கத்துப் பிளேடின் முதுகால் தண்ணீரைப் படாரென்று ஒரு தட்டு. தண்ணீர் ஒரு கணம் தரைபோலத் தாங்கும், அந்தக் கணத்தில் இடுப்பை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். இரண்டு பக்கமும் பிளேடு தயாராக இருப்பதன் பெரிய லாபமே இதுதான்.

இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து பழகியபின் முட்டி போடுங்கள். அதே துடுப்பு போதும், பார்வை உயரும், வீச்சு இன்னும் செங்குத்தாகும். நிற்பது அதற்குப் பிறகு. நீளமான இரட்டைத் துடுப்போடு நிற்கும்போது வரும் தொல்லை ஒன்றுதான்: தண்டு சாய்ந்து, பிளேடு பலகையிலிருந்து விலகி விழும், பலகை பாம்புபோல நெளியும். பரிசல்காரர் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் கையை நெற்றி உயரத்துக்கு ஏற்றித் தண்டை நிமிர்த்துங்கள், பிளேடு விளிம்பை உரசுகிற மாதிரி விழட்டும், வீச்சைக் குறுக்கி கணுக்காலோடு எடுத்துவிடுங்கள். நெளிவது நிற்கும்.

காற்று

ஒருநாள் ஏரியில் வலை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் என் துடுப்பை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, ஒரு பக்கம் தண்ணியில இருக்கறப்ப இன்னொரு பக்கம் என்ன பண்ணும்?”

“சும்மா இருக்கும்ணே, மேல.”

“சும்மா எங்க இருக்கும், காத்து புடிக்கும்.”

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் மேல்காற்று எழும்பியது. எதிர்க்காற்றில் மேலே நிற்கும் பிளேடு கைவிசிறிபோல விரிந்து என்னைப் பின்னுக்குத் தள்ளியது. கரை நெருங்கவே இல்லை. கடைசியில் ஏறியது எதிர்க்கரையில். பலகையைத் தலைமேல் சுமந்துகொண்டு ஒரு மாந்தோப்பைச் சுற்றித் திரும்பி வந்தேன், காவல் நாய் ஒன்று துணைக்கு.

அவர் சொன்னதற்குத் துடுப்பிலேயே விடை உண்டு. நடு இணைப்பில் இரண்டு மூன்று துளைகள் இருந்தால், ஒரு பிளேடை மற்றதற்குக் குறுக்காக 45 அல்லது 60 டிகிரி திருப்பிப் பூட்டலாம். அப்போது மேலிருக்கும் பிளேடு விளிம்பால் காற்றைக் கிழித்துப் போகும். ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு மணிக்கட்டை முறுக்க வேண்டிவரும். முதல் மாதம் இரண்டையும் ஒரே தளத்திலேயே வைத்துப் பழகுங்கள். துளை இல்லாத செட் என்றால் காற்றில் தண்டைத் தாழ்த்திப் பிடித்து ஓட்டுங்கள், கொஞ்சம் நெளிந்தாலும் பரவாயில்லை. நின்றுகொண்டிருந்தால் உடனே உட்காருங்கள். நிற்கும் உடம்பே ஒரு பாய்மரம். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்தபின் காற்றே உங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நான் அன்றைக்குச் செய்தது நேர் எதிர்.

விழுந்தால்

விழுவீர்கள். பலகைமேல் விழாமல் பக்கவாட்டில் தண்ணீரில் விழப் பாருங்கள். தலைகீழாகப் பாய வேண்டாம், ஆழம் தெரியாது. துடுப்பை விடாமல், கை நீட்டிக் கிடையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்பதடித் துடுப்பின் மறுமுனை எங்கே போகிறது என்று விழும்போது தெரியாது, அதனால் கூட வருபவர் இரண்டு துடுப்பு தூரம் தள்ளியே இருக்கட்டும். ஏறுவதற்கு, துடுப்பைப் பலகைமேல் குறுக்காக வைத்து, நடுக் கைப்பிடியைப் பிடித்து, கால்களைப் பின்னால் நீட்டி உதைத்தபடி வயிறு படிய மேலே வழுகுங்கள். கிணற்று மேட்டில் ஏறுவதுபோலக் கையூன்றி எழும்பப் பார்த்தால் பலகை கவிழும். ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே நான்கைந்து முறை விழுந்து ஏறிப் பழகிய பிறகு உள்ளே போங்கள்.

முடித்துக் கரையேறியதும் துடுப்பின் இணைப்புகளை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஏரி மணல் ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் குழாயும் குழாயும் கவ்விக்கொள்ளும். பிரித்தே உலர்த்தி, பிரித்தே வையுங்கள். சேர்த்து வைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுக்க இரண்டு பேர் தேவைப்படுவார்கள்.